இருபத்து மூன்றாவது வளையம்

ரேணுகாதேவிக்கு உள்ளே நுழைந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. பதினொரு வருடமாக அரசு மதிப்பீட்டாளராக இதே வேலை பார்க்கிறவளுக்கு இதெல்லாம் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை. ஆசிட் தொட்டிகளுக்கு மேலே, எட்டிப் பிடிக்கும் உயரத்தில் ஒரு நீளக் கம்பி ஓடியது. அந்தக் கம்பியில் இருபத்திரண்டு எஃகு வளையங்கள் தொங்கின. ஒவ்வொரு வளையத்திலும் அப்பளம் அளவுக்கு மனிதத் தோல் இழுத்துக் கட்டியிருந்தது. செத்த தோல் என்றால்கூடத் தேவலை. இது உயிருள்ள தோல். விசிறிக் காற்று பட்டபோது அதில் மயிர் சிலிர்த்தது. மூன்றாவது வளையத்தில் வியர்வை அரும்பியிருந்தது.

"ஏனுங் மேடம், மாஸ்க்கை இன்னும் சித்த இறுக்கிக்குங்க. இன்னிக்கு ஆவி கொஞ்சம் கூடுதலா இருக்குதுங்க" என்றார் மேலாளர் சதாசிவம்.

கோவைக்குத் தெற்கே, பம்பு செட்டுத் தண்டுகளுக்கு முலாம் பூசும் பட்டறை அது. முலாம் ஒட்ட வேண்டுமானால் இரும்பில் துரு இருக்கக் கூடாது. துருவைத் தின்ன ஆசிட். அந்த ஆசிட்டில் தண்டுகளை முக்கி எடுக்க இருபத்திரண்டு பெண்கள். அவர்களுக்கு மாஸ்க் என்று தந்திருந்தது மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணி. ரேணுகாவின் மாஸ்க்கில் இரண்டு வடிகட்டிகள் இருந்தன. அதையும் மீறித் தொண்டைக்குள் ஒரு புளிப்பு இறங்கியது.

சதாசிவம் ஒரு மாதத்துக்கு முன்புதான் நூல் மில்லிலிருந்து இங்கே வந்தவர். நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். வளையங்களை நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இது நெசமாவே அவங்க தோலுங்களா?"

"ஆமா. ஒவ்வொருத்தங்க கையில இருந்தும் அரிசி அளவுக்குத் தோல் எடுத்து லேப்ல வளர்ப்பாங்க. அதுக்குப் பேரு உடன்தோல். அவங்க எட்டு மணி நேரம் எந்தக் காத்துல நிக்கறாங்களோ, அதே காத்துல இதுவும் தொங்கும். ஆசிட் அவங்களை எவ்வளவு அரிக்குதோ இதையும் அவ்வளவு அரிக்கும். இந்த ரீடரை வச்சா பச்சையா சிவப்பான்னு சொல்லிடும்."

"அதுக்கு அவங்க கையவே பாத்துட்டுப் போயிரலாமுங்களே?"

ரேணுகா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பதினொரு வருடத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் கேட்டவர்கள் குறைவு.

"கூடாது. தொழிலாளியோட உடம்பைச் சோதிக்கிறது அவங்க மானத்துக்கு இழுக்குன்னு விதி எழுதியிருக்காங்க. நான் தோலை மட்டும்தான் பார்க்கலாம். அவங்க உடம்பைப் பார்த்து ஒரு வரி எழுதினாலும் என் அறிக்கை செல்லாது."

"அதுவும் நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பாங்க" என்றார் சதாசிவம். அவர் உண்மையாகவே அப்படி நினைத்தார்.

ரேணுகா ரீடரை எடுத்து முதல் வளையத்தில் வைத்தாள். பச்சை. இரண்டு, பச்சை. மூன்று, பச்சை. ஆவி கண்ணை எரிக்கிறது, தொட்டியின் விளிம்பு இரும்பு பொரிப்பொரியாக உதிர்கிறது, கூரைத் தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, தோல் மட்டும் பிறந்த குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கிறது. இருபத்திரண்டும் பச்சை. இப்படி ஓர் அசிங்கமான அற்புதத்தை அவள் எங்கேயும் கண்டதில்லை.

ஒன்பதாவது வளையத்தை முகத்துக்கு அருகே இழுத்தாள். மாஸ்க்கை ஒரு நொடி விலக்கி முகர்ந்தாள். ஆசிட் நெடிக்கு அடியில் தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. தோலின் ஓரத்தில் மஞ்சள் பூசிய தடம் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை.

மதிப்பீட்டாளர் கொட்டகைக்குள் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அவளுடைய உடல்நலனுக்காக அரசு போட்டிருந்த வரம்பு அது. நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் வரும். அரை மணி முடிந்ததாக மணிக்கட்டுப் பட்டை அதிர்ந்ததும் வெளியே வந்தாள். சதாசிவம் காபி சொல்லப் போனார். கொட்டகைக்குப் பின்னால் குழாயடியில் ஒரு பெண் கையைத் தண்ணீருக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தாள். கழுவுகிற மாதிரித் தெரியவில்லை. சும்மா ஊற வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பதாம் நம்பர் யாருதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள் ரேணுகா. அப்படிக் கேட்பதே தப்பு.

அந்தப் பெண் சட்டென்று எழுந்து சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "என்றதுதானுங்க. ஏனுங்க, அதுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?"

பெயர் சுலோச்சனா. முப்பத்தெட்டு வயது இருக்கும். ஆறு வருடமாக முதல் தொட்டியில் வேலை. அவள் குரலில் இருந்த பதற்றம் தனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பதற்றம் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டனுப்பினால் தாய்க்கு வருமே, அந்தப் பதற்றம்.

"ஒன்னும் ஆகல. நல்லா இருக்கு. எண்ணெய் யார் பூசறது?"

சுலோச்சனா சுற்றும் முற்றும் பார்த்தாள். "நாங்கதானுங்க. அவங்கவங்க புள்ளைக்கு அவங்கவங்க. தெனமும் வந்ததும் ஒரு சொட்டு. வெள்ளிக்கெழமைன்னா மஞ்சளு. தப்புங்களா?"

"புள்ளையா?"

"என்ற ஒடம்புல இருந்து வந்ததுதானுங்களே. மொத நாளு இந்தக் கம்பியில கட்டினப்போ அழுதே போட்டேனுங்க. ஆசிட்டு மேல தொங்குது, வாயில்லாச் சீவன், கத்தவும் முடியாது. வவுறு எரிஞ்சு போச்சுங்க. சித்ரா தானுங்க மொதல்ல எண்ணெய் கொண்டாந்தா. அப்பறம் எல்லாரும் ஆரம்பிச்சுட்டோம். அவங்கவங்க தோலை அவங்கவங்க தொடலாம்னு விதி இருக்குதாமுங்களே."

இருந்தது. சொந்தத் தோலைத் தொட யாருக்கும் தடை இல்லை. அடுத்தவர் உடன்தோலைத் தொட்டால்தான் குற்றம். விதி எழுதியவர்களுக்கு எல்லாம் தோன்றியிருந்தது. அறுத்தெடுத்து வளர்த்த தோலுக்கு ஒருத்தி எண்ணெய் வைப்பாள் என்பது மட்டும் தோன்றவில்லை.

"சித்ரா எங்கே?"

"அனுப்பிச்சுட்டாங்க. போன ஆடியில அவ அம்மாவுக்கு முடியலைன்னு நாலு நாள் லீவு போட்டா. எண்ணெய் வெக்க ஆளில்ல. வேற ஆளு தொடவும் கூடாதுங்களே. நாலாம் நாளு உங்களாட்டம் ஒருத்தரு வந்து பாத்தாரு, செவப்பு. தோல் மெல்லிசு, இந்த வேலைக்கு ஆகாத ஒடம்புன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இப்ப எந்தப் பட்டறையிலயும் எடுக்க மாட்டேங்கறாங்க."

பேச்சு வேகத்தில் தலைப்பு நழுவியது. ரேணுகா பார்க்கக் கூடாததைப் பார்த்தாள். சுலோச்சனாவின் முன்பற்கள் பாதிதான் இருந்தன. உடைந்தவை அல்ல. ஆவி நக்கி நக்கித் தேய்த்தவை, அரிசி நுனி போல ஒரு வரிசை. கையுறையைக் கழற்றிய விரல்களில் ஒவ்வொரு மடிப்பிலும் வெடிப்பு, வெடிப்புக்குள் சிவப்பு. இந்த விரல்களால்தான் அந்தத் தோலுக்கு எண்ணெய் தடவுகிறாள். இந்த விரல்களுக்குத் தடவுவதில்லை.

"உன் கைக்குப் பூசலையா?"

சுலோச்சனா சிரித்துவிட்டாள். "கையில பூசுனா தண்டு வழுக்குமுங்க. தொட்டிக்குள்ள விழுந்தா மேல தெறிக்கும்."

மேலாளர் அறையில் குளிர்சாதனம் ஓடியது, சந்தன ஊதுபத்தி புகைந்தது. ரேணுகா காபியை வாயில் வைத்துவிட்டுக் கீழே வைத்தாள். ஆசிட் புளிப்பு அதிலும் இருந்தது.

சதாசிவம் மேசையின் மேல் ஒரு மனுவை விரித்தார். "மூணு வருசம் தொடர்ந்து பச்சைங்க. நடுவுல வந்த ஒரே ஒரு செவப்பையும் மெல்லிசுத் தோலுன்னு கழிச்சாச்சுங்க. இன்னிக்கும் பச்சைன்னா, தொட்டி மேல ஆவி உறிஞ்சற விசிறிங்களை நிறுத்திக்கலாம்னு விதியே சொல்லுதுங்க. மொதலாளி தெனமும் கேட்டுட்டே இருக்காருங்க. கரண்டு அந்தளவுக்கு இழுக்குது. அதை நிறுத்திட்டா அந்தக் கரண்டுல தொட்டியச் சூடு பண்ணி வேலைய வெரசா முடிச்சுக்கலாமுங்க."

"விசிறி நின்னா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"

"நீங்கதானுங்க சொல்லோணும். தோலு பச்சையா இருக்குதுங்களே" என்றார் அவர்.

ரேணுகா யோசித்தாள். எண்ணெய் விஷயத்தை எழுதினால்? தொடத்தான் அனுமதி, அளவீட்டைக் கெடுக்க இல்லை என்று சொல்லி இருபத்திரண்டு பேரையும் வெளியே அனுப்புவார்கள். எண்ணெயை நிறுத்தச் சொன்னால்? நான்கு நாளில் இருபத்திரண்டும் சிவப்பு. மெல்லிய தோல், ஆகாத உடம்பு. அப்போதும் வெளியே. தொட்டி எங்கேயும் போகாது. அதற்குப் பக்கத்தில் நிற்க வேறு இருபத்திரண்டு பேர் வருவார்கள், வேறு இருபத்திரண்டு வளையங்கள் தொங்கும். தொட்டியை அளப்பதற்கென்று கொண்டு வந்த விதி ஆட்களை அளந்து கழித்துக் கட்டிக்கொண்டிருந்தது. இதில் கையெழுத்துப் போடத்தான் அவளுக்கு ஒரு பேனா, ஒரு கார், இரண்டு வடிகட்டி வைத்த மாஸ்க். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஒரே ஒரு வழி இருந்தது. பதினொரு வருடத்தில் அவள் அதைத் தொட்டதில்லை.

பையிலிருந்து ஒரு குளிர்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். திறந்தாள். உள்ளே ஒரு வளையம். வளையத்தில் தோல்.

"இது யாருதுங்க?" சதாசிவத்தின் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"என்னோடது. மதிப்பீட்டாளருக்கும் ஒன்னு வளர்த்துக் கொடுப்பாங்க. மத்த தோல் மேல சந்தேகம் வந்தா இதைத் தொங்கவிடலாம். என் தோல் சராசரித் தோல்னு அரசாங்கமே சான்றிதழ் கொடுத்திருக்கு. அதனால இது சிவப்பானா மெல்லிய தோல்னு சொல்ல முடியாது. தொட்டிதான் தப்புன்னு ஆகும். ஆவி கசியாம தொட்டியைச் சரிபண்ணிக் கொடுக்கிற வரைக்கும் வேலை நிக்கும், வேலை நிக்கிற நாள்லயும் யாரையும் அனுப்ப முடியாது."

"பச்சையானா?"

"பச்சையானா உங்க மனு அப்பவே பாஸ். அதுக்கு மேல முறையீடே கிடையாது. ஒரு பட்டறைக்கு ஒரு தடவைதான்."

சதாசிவம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "வெய்யுங்க மேடம்" என்றார் மெதுவாக. அவர் அதைப் பயத்தில் சொன்னாரா, உள்ளுக்குள் வேறு ஏதாவது நினைத்துச் சொன்னாரா என்பது அவளுக்குப் புரியவில்லை.

கம்பியின் கடைசியில், முதல் தொட்டிக்கு நேர் மேலே, தன் வளையத்தை அவளே மாட்டினாள். இருபத்து மூன்றாவது வளையம். பெட்டியிலேயே கிடந்த தோல் அது. வெளிறி, வறண்டு, சொரசொரவென்று இருந்தது. பக்கத்தில் தொங்கிய இருபத்திரண்டும் மினுமினுத்தன. பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். சுலோச்சனா ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

மதிப்பீடு நடக்கும்போது தொழிலாளர்களிடம் அதைப் பற்றிப் பேசக் கூடாது. காலையில் ஒரு முறை மீறியாகிவிட்டது. இப்போது பக்கத்திலேயே சதாசிவமும் நின்றார். இந்த வளையம் எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிவப்பாகட்டும், அதுதான் உங்களுக்கு நல்லது என்று காதோரம் முணுமுணுத்திருக்கலாம். ரேணுகா உதட்டை இறுக்கிக்கொண்டு வெளியேறினாள்.

மணி பதினொன்று. வேலை முடிவது ஐந்துக்கு. ஆறு மணி நேரம் போதும். எண்ணெயே படாத தோலுக்கு அந்த ஆவியில் மூன்று மணி நேரமே அதிகம். சித்ராவின் தோல் நான்கு நாள் தாங்கியது அதில் ஏற்கெனவே ஊறியிருந்த எண்ணெயால்.

மேலாளர் அறையில் ஒரு கண்ணாடி ஜன்னல் கொட்டகையைப் பார்த்தபடி இருந்தது. ஆவி படிந்து படிந்து அது பாலேடு கட்டியது போல ஆகியிருந்தது. நிழல்கள் நடமாடுவது மட்டும் தெரிந்தது. மதியம் சாப்பாடு வந்தது. ரசத்தைக் கண்டதும் அவளுக்கு அந்தப் பற்கள் ஞாபகம் வந்தன. சோற்றை மூடி வைத்தாள். அங்கே தன் தோல் வெந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பு இடது முன்கையில் குறுகுறுத்தது. அரிசி அளவுக்கு எடுத்த தழும்பு அங்கேதான் இருந்தது. வேகட்டும் என்று நினைத்தாள். நன்றாக வேகட்டும். இத்தனை நாள் பெட்டிக்குள் சொகுசாக இருந்தது போதும். வெகு நாளைக்குப் பிறகு தன் வேலையில் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது.

ஐந்து மணிச் சங்கு ஊதியதும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு போனாள். பெண்கள் தொட்டிகளை மூடிக்கொண்டிருந்தார்கள். விசிறிகள் கூரையே நடுங்கும் சத்தத்தில் ஓடின. ரீடரைக் கையில் பிடித்தபடி கம்பியின் கடைசிக்கு நடந்தாள்.

இருபத்து மூன்றாவது வளையத்தில் தோல் மினுமினுத்தது.

காலையில் வெளிறிக் கிடந்த தோல் இப்போது பழுப்பும் ரோஜாவுமாக, சதைப்பிடிப்பாக, ஓரத்தில் மஞ்சளோடு இருந்தது. பதினொரு வருடத்தில் அது இவ்வளவு அழகாக இருந்ததில்லை. தேங்காய் எண்ணெய் மணத்தது. 

"நாந்தானுங்க." பின்னாலிருந்து சுலோச்சனாவின் குரல். வாயை மூட மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தத்தில் கேட்பதற்காகக் காதருகே வந்தாள். "யாருக்கும் சொல்லிராதீங்க. அடுத்தவங்க புள்ளையத் தொடக் கூடாதுன்னு தெரியுமுங்க. மனசு கேக்கல. எங்குளுது எல்லாம் எண்ணெய் வெச்சு மொழுமொழுன்னு தொங்குது, இது மட்டும் வறண்டு போயி ஓரமாத் தொங்குது. ஒறம்பரைக்கு வந்த புள்ளையாட்டம். நம்மூட்டுக்கு வந்த புள்ளைக்கு எண்ணெய் வெக்காம அனுப்புவமுங்களா? மணிக்கொரு தடவை வெச்சேனுங்க. யாருதுங்க அது?"

ரேணுகா ரீடரை வளையத்தில் வைத்தாள். அது வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு திரையில் எழுத்துகள் வந்தன.

'தோல்: பச்சை. மேற்பரப்பில் அயல் ரத்தம் உள்ளது. வேறொருவர் தொட்டிருக்கக்கூடும். தொட்டவர் பெயரைப் பதிந்தால் இந்த அளவீடு ரத்தாகும். பதியாவிட்டால் அயல் ரத்தம் கணக்கில் கொள்ளப்படாது.'

குனிந்து பார்த்தாள். எண்ணெய்ப் பளபளப்பில் மூன்று மெல்லிய சிவப்புக் கோடுகள், மூன்று விரல்களின் தடம். வெடிப்புகளிலிருந்து வந்த ரத்தம். அரிக்கப்பட்ட ஒரு கையின் சாட்சி இதைவிட வெளிப்படையாக எங்கே கிடைக்கும்? ரீடர் அதைப் பார்த்திருந்தது. அது யாருடைய ரத்தம் என்பது மட்டுமே அதற்குத் தெரிய வேண்டியிருந்தது. எதனால் கசிந்தது என்று கேட்க அதில் கட்டமே இல்லை.

பெயரை எழுதினால் அளவீடு ரத்து. தோலைத் திரும்பத் தொங்கவிடலாம், தொட்டி மாட்டிக்கொள்ளும். இருபத்தொரு பேர் தப்பிப்பார்கள். அரசுத் தோலைத் தொட்டதற்கு இரண்டு வருடச் சிறை, ஒன்பதாம் எண்ணுக்கு. எழுதாவிட்டால் விசிறி நிற்கும், இருபத்திரண்டு பேரும் இங்கேயே இருப்பார்கள், பல் மிச்சம் இருக்கும் வரை.

சுலோச்சனா திரையை எட்டிப் பார்த்தாள். பச்சை நிறம் மட்டும் அவளுக்குப் புரிந்தது. "பச்சைங்களா? பாத்தீங்களா! எண்ணெய் வெச்சா எல்லாம் செரியாப் போயிருமுங்க."

ரேணுகாவின் விரல் பெயர்க் கட்டத்தின் மேல் நின்றது. சு என்று எழுதினாள். திரும்பிப் பார்த்தாள். சுலோச்சனா தன் வளையத்தைக் கம்பியிலிருந்து இறக்கி, தலைப்பு நுனியால் அதன் ஓரத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள். தூசி ஏதோ பட்டுவிட்டதாம்.

எழுதியதை அழித்தாள். கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினாள்.

மனு பாஸானது கைப்பேசியில் வந்திருக்க வேண்டும். கொட்டகை வாசலில் நின்ற சதாசிவம் யாரிடமோ "ஆச்சுங்க மொதலாளி, இப்பவே பண்ணிரலாமுங்க" என்று சொல்வது கேட்டது. ரேணுகா தன் தோலைப் பெட்டிக்குள் வைத்தாள். ரத்தத்தைத் துடைக்கக் கைக்குட்டை எடுத்தவள், துடைக்காமலே மூடினாள். மூடிய பிறகும் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. அந்தப் பிசுக்கு அருவருப்பாக இருந்தது. அருவருத்த தன்னை நினைத்தால் அதைவிட அருவருப்பாக இருந்தது.

அவள் வாசலைத் தாண்டியபோது முதல் தொட்டியின் விசிறி நின்றது. பிறகு இரண்டாவது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம். மூன்று வருடமாக ஓடிய இரைச்சல் அடங்கி, கொட்டகையில் பெண்கள் பேசுவது முதல் முறையாகத் தெளிவாகக் கேட்டது.

"அப்பாடா" என்றாள் சுலோச்சனா. "இனி புள்ளைக மேல அந்தக் காத்து அடிக்காது."